தணிகாசலத்தின் தண்ணீர் பாட்டில்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதவில்லை. தவமணி டீச்சரிடம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டியும் கழுத்தில் தொங்கும் ஒரு விசிலும்தான். வயது நாற்பதுக்குள்.

சீடர் தணிகாசலத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஞானம் தேடக் கிளம்பி, இரண்டு மூன்று ஆசிரமங்களில் உட்கார்ந்து பார்த்தார். கால் மரத்துப்போனதுதான் மிச்சம். கடைசியில் தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அஞ்சுகம் நகர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மாலைநேரப் படிப்பு மையம் நடத்தும் தவமணி டீச்சரைப் பார்த்தார். ஒரே விசிலில் அத்தனை பிள்ளைகளும் வாய் மூடி உட்கார்ந்ததைக் கண்டதும், இவர்தான் என் குரு என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார். டீச்சரை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

முதல் நாளே பக்கத்தில் போய்க் கைகட்டி நின்றார்.

"டீச்சர், சேவை என்றால் என்ன?"

"அந்த மூலையில ரெண்டாம் வகுப்பு உக்காந்திருக்கு. வாய்ப்பாடு கேளுங்க சார்."

கேட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தலை கலைந்து திரும்பி வந்தார்.

"பதில் கிடைச்சுதா சார்?"

"ஒரு பிள்ளை என் பேனா மூடியைக் கடித்துத் தின்றுவிட்டது, டீச்சர்."

"அப்ப கிடைச்சிருச்சு."

அன்றிலிருந்து தணிகாசலம் ஒரு நாளும் தவறியதில்லை. கல்லூரிப் பெண்கள் சிலரும் பாடம் சொல்லித்தர வருவார்கள். ஆனால் அவர்களுக்குப் பரீட்சை வரும், கல்யாணம் வரும். தணிகாசலத்துக்கு இரண்டும் முடிந்துவிட்டன. மையத்தில் படிப்பவர்கள், வீட்டு வேலைக்கும் மூட்டை தூக்கவும் மீன் விற்கவும் போகிறவர்களின் பிள்ளைகள். எந்த வீட்டில் என்ன குறை என்று மோப்பம் பிடித்து, கேட்பதற்கு முன்பே கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருவருக்குப் பள்ளிக்கூடப் பை, இன்னொருவருக்குக் கண்ணாடி, மூன்றாவது வீட்டுக்கு மின்விசிறி. கர்ணன் கூட நேரம் காலம் பார்த்துக் கொடுத்தான். இவர் அதுவும் பார்ப்பதில்லை.

கொடுப்பார். ஆனால் வாங்கமாட்டார்.

அது வங்கியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம். கடன் வாங்கியவர்களிடம் தீபாவளிக்கு ஒரு லட்டு, புது வருஷத்துக்கு ஒரு காலண்டர் கூடத் தொட்டதில்லை. கை சுத்தம் என்று பெயர் எடுத்தவர். அதே சுத்தத்தோடு இங்கேயும் வந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் தோளில் ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் தொங்கும். பையில் வீட்டுச் சாப்பாடு இருக்கும்.

"டீ போடட்டுமா சார்?" என்பார்கள்.

"இப்பதாம்மா குடிச்சேன்."

முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்பார்கள்.

"நின்னாதான் முதுகுக்கு நல்லதாம். டாக்டர் சொல்லியிருக்கார்."

"ஒரு வாய் தண்ணியாவது..."

பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். கீழே இருக்கும் அடி பம்பிலிருந்து குடம் குடமாக மாடிக்குச் சுமக்கிறார்கள், அதில் ஒரு வாய் குடித்தாலும் பாவம் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தால் வரும் வினைக்குத்தான் மருந்தே கிடையாது.

அதே குடியிருப்பின் நாலாவது மாடியில் இருந்தாள் ஜெகதா. சாயங்காலமானால் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்பவள். அவள் மகள் பொற்கொடி பத்தாம் வகுப்பு. வட்டத்தைப் பார்த்தால் "இட்லி சார்" என்று சிரித்துக்கொண்டிருந்த பெண், தணிகாசலம் பட்ட பாட்டால் இப்போது தொடுகோடு வரைய ஆரம்பித்திருந்தாள். அவருக்கு அதில் இருந்த பெருமை, சொந்த மகன் வேலைக்குப் போனபோது கூட வந்ததில்லை. இந்தப் பெண் பத்தாவது தாண்டிவிட்டால் போதும், நான் வாழ்ந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிக் கண் கலங்கினார். "அப்ப நான்?" என்று அந்த அம்மாள் கேட்டது தனிக் கதை.

ஜெகதாவின் கிரைண்டர் தேய்ந்துபோய் உறுமிக்கொண்டிருந்தது. தணிகாசலம் சும்மா இருப்பாரா? தன்னோடு ஓய்வு பெற்ற அதிகாரிகளின் சங்கத்தில் பேசி, கல் வைத்த பெரிய கிரைண்டர் ஒன்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். சங்கத்தார் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு சின்ன விழா, அதற்கு ஒரு சின்ன பேனர்.

அங்கேதான் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

போட்டோ எடுக்க வந்தவன் ஜெகதாவை வெயிலைப் பார்த்து நிறுத்தினான். கண் கூசி, இமை பாதி மூடிவிட்டது. "கும்பிடுங்கக்கா" என்றான். கும்பிட்டாள். பேனர் கடைக்காரரிடம் தணிகாசலம் அவசரம் என்று சொல்லியிருந்தார். அவரும் அவசரமாகவே செய்து, விழா நடக்க இருந்த நாள் காலையில் தெருமுனையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

நடுவில் வட்டத்துக்குள் ஜெகதாவின் முகம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே ஒரு வெள்ளைப் புறா பறந்துகொண்டிருந்தது. கிரைண்டர் வழங்கும் விழா என்ற சேதி அடியில், சாக்கடைச் சுவர் மறைக்கும் உயரத்தில் இருந்தது.

பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

"நேத்து கூட கெட்டிச் சட்னி கேட்டு சண்டை போட்டேனே" என்று ஆட்டோக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் செய்தி காஞ்சிபுரம் வரை போய், ஜெகதாவின் அண்ணி கையில் ரோஜா மாலையோடு மாரில் அடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அதே கோலத்தில் படியேறியவள், மாவுக் குண்டானோடு இறங்கி வந்த ஜெகதாவோடு மோதிக்கொண்டாள்.

"இன்னா அண்ணி, மாலை யாருக்கு?"

"உனக்குத்தான்டி!" என்று சொல்லிவிட்டு அண்ணி அப்படியே படியில் சரிந்தாள்.

பிறகு நடந்ததைத் தணிகாசலம் இன்றைக்கும் நினைக்க விரும்பமாட்டார். விழாவுக்குச் சால்வையோடு சங்கத்தார் வந்து சேர்ந்த நேரத்தில், முந்தின நாள்தான் மாடி ஏறியிருந்த கிரைண்டர், நாலு ஆட்கள் தோளில் கீழே இறங்கியது. படிப்பு மையத்து வாசலில், சரியாக நடுவில், அதை இறக்கி வைக்கச் சொன்னாள் ஜெகதா.

"இந்தா சார் உன் கிரைண்டரு. செத்தவளுக்கு எதுக்கு மாவு? செத்தவ பொண்ணுக்கு எதுக்குப் படிப்பு?"

அத்தோடு பொற்கொடி வருவது நின்றது.

தணிகாசலம் குருவிடம் ஓடினார்.

"டீச்சர், நான் செய்த பிழை என்ன?"

டீச்சர் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு திருத்திக்கொண்டிருந்தார். "கிரைண்டர் வழியை மறைக்குது சார். கொஞ்சம் தள்ளி வைங்க."

தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் இடுப்புதான் அசைந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அதன்மேல் ஏறித்தான் உள்ளே வந்தார்கள், குதித்துத்தான் வெளியே போனார்கள்.

பேனரை அன்றே தணிகாசலம் தன் கையால் அவிழ்த்தார். மறுநாள் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு தள்ளுவண்டிக்குப் போனார்.

"இதையும் போட்டோ புடிக்கணுமா?" என்றாள் ஜெகதா, நிமிர்ந்தே பார்க்காமல்.

பக்கத்தில் தின்றுகொண்டிருந்த ஆட்டோக்காரருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சாருக்கு ரெண்டு இட்லி வைக்கா" என்றார்.

ஜெகதாவின் கை தட்டை எடுத்துவிட்டது.

"ஐயோ, வேண்டாம்மா. சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்றார் தணிகாசலம், பாட்டிலைத் தொட்டுக்கொண்டே.

எடுத்த தட்டை அவள் அடுக்கில் வைத்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. தணிகாசலத்துக்கு மட்டும் கேட்கவில்லை.

அடுத்த முறை, பெண் மனம் புடவைக்கு இளகும் என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, ஒரு புதுச் சேலையோடு போனார். ஜெகதா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"பேனர் போட்ட. இப்ப கோடித்துணி எடுத்தாந்தியா? சங்கு ஊதறவரு எங்க, பின்னால வர்றாரா?"

வண்டியைச் சுற்றி நின்றவர்கள் இட்லி புரையேறச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்:

"திங்கக்கிழமைலேர்ந்து பொண்ணு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போவுது. நூல் வெட்டற வேலை. இனிமே எங்கள வுட்டுடு சார்."

பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் கூட இல்லை. வீட்டுக்கு வந்த தணிகாசலம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் படிப்பில் மண் விழுந்தது, மண்ணைப் போட்டவன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். சும்மா இருந்திருந்தாலாவது அவள் பத்தாவது எழுதியிருப்பாள்.

சனிக்கிழமை, உச்சி வெயிலில் மையத்துக்கு வந்தார். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. கல்லூரிப் பெண்கள் இருவரோடு டீச்சர் கேள்வித்தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் கிரைண்டரைத் தாண்டி, வேட்டியைச் சரி செய்துகொண்டு, குருவின் முன்னால் நின்றார்.

"டீச்சர், கடைசியாக ஒரு முறை போகப்போகிறேன். மன்னிப்புக் கேட்க ஒரு உரை தயார் செய்திருக்கிறேன். கேட்கிறீர்களா?"

"சொல்லுங்க."

"அன்பும் பண்பும் நிறைந்த சகோதரி அவர்களே. அறியாமையின் காரணமாக அடியேன் இழைத்துவிட்ட..."

"நல்லா இருக்கு சார். தாகமா இருக்கு. பாட்டிலைக் குடுங்க."

குருவே தன்னிடம் வாய்விட்டு ஒன்று கேட்கிறார்! மூடியைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டினார். டீச்சர் அண்ணாந்து குடித்தார். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியையும் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்து ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

தணிகாசலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கொடுத்ததெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று தோன்றியது.

"சாப்பாடு என்ன சார் இன்னிக்கு?"

"தயிர் சாதம், டீச்சர். மோர் மிளகாய்."

டப்பாவையும் வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் பங்கு போட்டு, நின்ற நிலையில் தின்று தீர்த்தார்கள். கடைசி மோர் மிளகாயை டீச்சர் கடித்தபோது தணிகாசலத்தின் வயிறு மெல்ல ஒரு முறை முனகியது. டீச்சருக்கு அது கேட்டிருக்கும். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வீட்டம்மா நல்லா சமைக்கிறாங்க சார். சரி, கிளம்புங்க."

"எங்கே?"

"நாலாவது மாடிக்கு. இப்பவே போங்க."

"கொஞ்சம் தண்ணி பிடிச்சுக்கிட்டு..."

"பம்புல சாயங்காலம்தான் தண்ணி வரும். பையை இங்கயே வைங்க. பாட்டிலும் இருக்கட்டும்."

குரு சொல்லுக்கு மறுசொல் ஏது? வெறுங்கையோடு கிளம்பினார். முதல் மாடியில் உரையை ஒரு முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. இரண்டாவது மாடியில் 'அறியாமையின் காரணமாக' வரை வந்தது. மூன்றாவது மாடியில் சகோதரி மட்டும் மிஞ்சினாள். நாலாவது மாடி ஏறி, ஜெகதாவின் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டபோது நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது.

ஜெகதா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொற்கொடி, வேலை இல்லாதவள் போலத் தரையில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார்? இன்னிக்கு இன்னா எடுத்தாந்த?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். பண்பும் வரவில்லை, அன்பும் வரவில்லை.

"தண்ணி" என்றார்.

"இன்னா?"

"தண்ணி... ஒரு வாய் தண்ணி குடும்மா."

பொற்கொடி துள்ளி எழுந்தாள். ஜெகதா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ இரு. நான் குடுக்கறேன்."

சொம்பை எடுத்தாள். ஒரு தரம் கழுவினாள். திருப்தியில்லாமல் இன்னொரு தரம் கழுவினாள். அடுப்பங்கரை மூலையில் மூடி வைத்திருந்த குடத்தைச் சாய்த்து, நிரம்ப மொண்டு, வெளிப்புற ஈரத்தை முந்தானையால் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். தணிகாசலம் மடக் மடக்கென்று குடித்தார். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"இன்னும்" என்றார்.

இன்னொரு சொம்பு வந்தது. அதைக் குடிக்கும்போதுதான், தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது அவருக்கே தெரிந்தது.

"துண்ணியா?" என்றாள் ஜெகதா.

சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று சொல்ல நாக்கு தானாகவே எழுந்தது. வயிறு அதற்குள் முந்திக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தது.

"இல்லம்மா. என் சாப்பாட்டை டீச்சர் தின்னுட்டாங்க."

ஜெகதா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பொற்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தணிகாசலமும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலே.

ராத்திரி விற்று மிஞ்சிய இட்லியைச் சூடாக்கி, வடகறியோடு வைத்தாள். அவர் தின்றார். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா துண்ணு சார். யாரும் புடுங்கிக்க மாட்டாங்க."

"பேனருக்கு மன்னிச்சுக்கம்மா."

"அத்த வுடு. போட்டோல நான் நல்லாதான் கீறேன். எங்க அண்ணியே சொல்லுச்சு, நெசமாவே போனா இதையே போட்டுக்கலாம்னு."

"அப்புறம் ஏம்மா இவ்வளவு கோபம்?"

அவள் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். வேண்டாம் என்று கையை நீட்டப் போனவர், ஏனோ நீட்டவில்லை.

"எங்க வூட்டுக்கு எத்தினி வாட்டி வந்துகீற?" என்று கேட்டாள்.

"நாலஞ்சு முறை வந்திருப்பேனேம்மா."

"அதெல்லாம் ஆபீசுக்கு வந்த மாரி வந்த. வாசல்ல நின்ன, குடுத்த, போயிட்ட. கீழ் வூட்டு அக்கா கூட கேட்டுச்சு, உன் வூட்டுத் தண்ணிய அந்த சாரு குடிக்க மாட்டாராமேன்னு." குடத்தின் மேல் மூடியை எடுத்து வைத்தாள். "வூட்டுக்கு இன்னிக்குத்தான் வந்த."

தணிகாசலத்துக்குத் தொண்டையில் இட்லி நின்றது. இறக்குவதற்கு அவளிடமே மூன்றாவது சொம்பும் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

கை கழுவி எழுந்தபோது ஜெகதா சொன்னாள்: "சாயங்காலம் பொண்ணு வரும். அந்தக் கிரைண்டரையும் எடுத்துக்கறேன். ஆனா ஒரு பக்கம் நீயும் புடிக்கணும், சொல்லிட்டேன்."

சாயங்காலம் கிரைண்டர் மறுபடி மாடி ஏறியது. முன்னாள் மேலாளர் ஒரு மூலையைப் பிடித்திருந்தார், அல்லது மூலை அவரைப் பிடித்திருந்தது. ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். அங்கங்கே யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி மோரோ டீயோ நீட்டினார்கள். எல்லாவற்றையும் குடித்தார். இரண்டாவது மாடியில் வெற்றிலை கூடப் போட்டுக்கொண்டார்.

கீழே வந்தபோது பொற்கொடி காம்பஸ் பெட்டியோடு தன் இடத்தில் உட்கார்ந்து, முன்பு பாதியில் விட்ட தொடுகோட்டை வரைந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் தணிகாசலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வாய் சிவந்திருந்ததால் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்தபின், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"கிரைண்டர் கொடுத்தேன், பழம் கொடுத்தேன், சேலை கொடுத்தேன். திருப்பித் திருப்பி அடித்தாள். ஒரு சொம்பு தண்ணி கேட்டேன், பெண்ணையே அனுப்பிவிட்டாள். கொடுப்பதில் நான் எங்கே குறை வைத்தேன்?"

டீச்சர் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"மத்தியானம் உங்க தண்ணிய நான் குடிச்சேனே, அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

தணிகாசலம் யோசிக்கவே இல்லை. "அதை எப்படிச் சொல்வேன், டீச்சர்! நம் கையால் கொடுத்ததை ஒருத்தர் ஆசையாக வாங்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாரே என்று... மனசு நிறைந்துபோய்விட்டது. அவ்வளவு பெருமையாக இருந்தது."

டீச்சர் ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பினார்.

"இந்தக் குடியிருப்புல எல்லாருக்கும் எல்லாத்தையும் குடுத்தீங்க சார். அதை மட்டும்தான் யாருக்கும் குடுக்கல."